பசியும் பருமனும்: பாடசாலை உடற்பருமன் தடுப்புத் திட்டங்களின் கருத்துநிலை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

கட்டிளமைப் பருவத்தினரிடையே உடற்பருமன் பெருகி வருவது பற்றியும், பாடசாலையிலேயே அதனைத் தடுத்து நிறுத்தவேண்டியதன் அவசியம் பற்றியும் அண்மைக் காலத்தில் நிறையப் பேசப்படுகின்றது. 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடநூல்கள் உணவையும் உடற்றிணிவுச் சுட்டியையும் பற்றிக் கற்பிக்கின்றன. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எவற்றை விற்கலாம், எவற்றை விற்கலாகாது என்று சுற்றறிக்கைகள் வகுத்துரைக்கின்றன. சுவர்களில் உணவுக் கூம்பகம் தீட்டப்படுகின்றது. கட்டுரைப் போட்டிகளும் பேச்சுப் போட்டிகளும் நடைபெறுகின்றன. மருத்துவத் துறையினருக்குரிய இவ்விடயத்தில் இலக்கிய விமர்சனத்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பாடநூலும் சுவரொட்டியும் போட்டிக் கட்டுரையும் மொழியால் ஆனவை. அவை யாரை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றன, எதைக் கூறுகின்றன, எதைக் கூறாது விடுகின்றன என்று ஆராய்வது விமர்சகனின் தொழிலேயாகும். நாவலையும் கவிதையையும் அவ்வாறு ஆராய்ந்து பழகிய நாம், ஓர் ஏழை மாணவனின் உடலைப் பற்றி எழுதப்படும் எழுத்தை ஆராயாது விடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, நெல்வயல்களின் நடுவே அமைந்துள்ள கிளிவெட்டியை இக்கட்டுரையின் களமாகக் கொள்கிறோம். அங்குள்ள சிறுவரிற் பெரும்பான்மையோர் பருத்தவர்கள் என்பது எமது வாதமன்று. ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் 2025 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 5 முதல் 19 வயது வரையிலானோரில் உலகளவில் நிறை குறைந்தோர் 9.2 சதவீதம், உடற்பருமன் உடையோர் 9.4 சதவீதம். பருமன் மெலிவை விஞ்சியது இதுவே முதற்றடவையாகும். எனினும் தென்னாசியாவும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவும் இப்போக்குக்கு விலக்காக இருந்தன. எமது கிராமங்களில் மெலிவே இன்னும் பெரும் பிரச்சினை. ஆயின் மெலிவும் பருமனும் வெவ்வேறு வீடுகளில் வசிப்பனவல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் வயதுக்கேற்ற நிறையற்றோர். அதே அளவீட்டில், தாய்மை வயதுப் பெண்களிற் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மிகைநிறையோ பருமனோ உடையோர். மெலிந்த குழந்தையும் பருத்த தாயும் ஒரே அடுப்பைச் சுற்றி இருக்கின்றனர். கட்டிளமைப் பருவம் என்பது இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வழியாகும். அவ்வழியில் என்ன நிகழ்கின்றது என்பதே கேள்வி.

2

திட்டங்களைக் குறைகூறுமுன் எமது முற்போக்கு இலக்கியத்தையே முதலில் விசாரித்தல் முறையாகும். நாம் பருமனை ஒரு வர்க்க அடையாளமாகக் கையாண்டு வந்துள்ளோம். சிறுகதைகளிலும் மேடை நாடகங்களிலும் கட்சிப் பத்திரிகைகளின் கேலிச் சித்திரங்களிலும் முதலாளி, வட்டிக்காரன், போடியார், சம்மாட்டி ஆகியோர் தொந்தியுடனேயே தோன்றுவர். உழைப்பாளி எலும்பும் தோலுமாய்க் காட்சி தருவான். உணவு அரிதாயும் உடலுழைப்பு மிகையாயும் இருந்த ஒரு பொருளாதாரத்தில் அது உண்மைக்குப் புறம்பான சித்திரமன்று. பிறர் உழைப்பின் விளைவு ஓருடலிற் சேர்வதைக் கண்ணுக்குப் புலனாக்கிய குறியீடு அது.

ஆயின் குறியீடுகளுக்கும் வரலாறு உண்டு. செறிவான சக்தியை மிகக் குறைந்த விலைக்குத் தரும் பண்டங்களாக மாவும் சீனியும் எண்ணெயும் மாறிய பின்னர், உலகின் பல பாகங்களிற் பருமன் படிப்படியாக ஏழைகளின் பக்கம் நகர்ந்துள்ளது. இன்றைய செல்வந்தன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் செலுத்தி மெலிகின்றான். கடைச் சிப்பந்தியும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் பணிசும் இனிப்புத் தேநீரும் அருந்திப் பருக்கின்றனர். குறியீடு அதன் பொருளிலிருந்து பிரிந்துவிட்டது. அதனைப் பழைய பொருளிலேயே நாம் வழங்கிவரின், முதலாளியை நோக்கி எறிந்த கல் ஏழைச் சிறுமியின் மீதே விழும். வகுப்பிற் பருத்த பிள்ளையைப் பார்த்துப் பிறர் நகைக்கும் நகைப்பில் எமது கேலிச் சித்திரங்களுக்கும் ஒரு பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

பழந்தமிழ்க் காப்பியம் ஒன்று இவ்விடயத்தில் எம்மைவிடக் கூர்ந்து நோக்கியுள்ளது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை யானைத்தீ என்னும் நோயால் வருந்துபவள். எவ்வளவு உண்டாலும் பசி தணியாதவள். உண்ணுதலும் பசித்தலும் எதிர்நிலைகளல்ல, ஒரே துன்பத்தின் இரு முகங்களாதல் கூடும் என்ற உண்மை அப்பாத்திரத்தில் உருப்பெற்றுள்ளது. காப்பியம் அவளைச் சாபத்துக்குள்ளானவளாகக் காட்டுகின்றதேயன்றி நாவடக்கம் இல்லாதவளெனப் பழிக்கவில்லை. மணிமேகலை அவளுக்கு உபதேசம் செய்யவும் இல்லை, அமுதசுரபியிலிருந்து உணவிட்டாள். யாருடைய சாபம் என்பதற்குக் காப்பியம் தரும் விடை புராண மரபுக்குரியது. எமது காலத்துச் சாபத்தின் ஊற்றுக்கண்ணை வரலாற்றிலேதான் தேடவேண்டும்.

3

இனி, திட்டங்களின் மொழியை நோக்குவோம். அவற்றின் வினைமுற்றுக்களிற் பெரும்பாலானவை ஏவலும் வியங்கோளுமாகும். மரக்கறி உண்க, எண்ணெய்ப் பண்டம் தவிர்க்க, மென்பானம் விலக்குக, நாள்தோறும் ஓடுக என்றவாறு அவை அமையும். முன்னிலை எப்போதும் மாணவன் ஒருவனே. அவன் கையிற் பணம் உள்ளவனாகவும், தெரிந்தெடுக்கப் பல பண்டங்கள் முன்னே இருப்பவனாகவும், அறியாமை ஒன்றினாலேயே தவறானதைத் தெரிந்தெடுப்பவனாகவும் கொள்ளப்படுகின்றான். விற்பவன், விலை, விளம்பரம், இறக்குமதி என்பன இவ்வாக்கியங்களில் எழுவாயாய் வருவதில்லை. தமிழிலக்கணத்திற் தோன்றா எழுவாய் என்றொன்று உண்டு. வாக்கியத்தில் வெளிப்படாது நின்று வினையை நடத்துவது அது. உடற்பருமன் தடுப்புப் பாடத்தின் தோன்றா எழுவாய் சந்தையாகும்.

போட்டிக் கட்டுரைகள் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைத் துணைக்கழைப்பதும் இத்தகையதே. முன் உண்டது செரித்ததை அறிந்து அளவறிந்து உண்ணுமாறு கூறும் அவ்வதிகாரம், அடுத்த வேளை உணவு நிச்சயமாக உள்ளவனை நோக்கிய அறிவுரை. அடுத்த வேளை என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று அறியாதவன் கிடைத்தபோது கிடைத்ததை உண்பது ஒழுக்கக்கேடன்று. அது அவனது பொருளாதார நிலைக்குப் பொருத்தமான நடத்தை. ஒரு வர்க்கத்துக்கு உரிய அறம் இவ்வாறு மானுடப் பொதுஅறமாக முன்வைக்கப்படுகின்றது. கருத்துநிலையின் தொழிற்பாடு இதுவேயாகும்.

மாணவன் உண்மையில் எதைத் தெரிந்தெடுக்கின்றான்? கிழக்கு மாகாணத்தின் பல கிராமங்களைப் போலவே இப்பகுதியிலும் தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாய் உழைக்கின்றனர். அவ்வீடுகளில் அம்மம்மாவோ மூத்த மகளோ சமையலை ஏற்கின்றனர். அரிசி இடித்துப் பிட்டு அவிப்பதற்கும், கீரை ஆய்ந்து கறியாக்குவதற்கும் உழைப்பு நேரம் வேண்டும். கடையில் வாங்கும் பாணுக்கும் பணிசுக்கும் அந்நேரம் தேவையில்லை. அந்நிய நாட்டு வீட்டின் சமையலறைக்கு விற்கப்பட்ட உழைப்பு நேரமே இங்கு பணிசாகத் திரும்பி வருகின்றது. இதனை 'தவறான உணவுப் பழக்கம்' என்ற ஒரு தொடரால் விளக்கிவிடுதல் விளக்கத்தை மறுத்தலேயாகும்.

சட்டங்களும் இதே திசையிற் சென்றுள்ளன. 2016 ஆகத்து மாதம் முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். இது பயனுள்ள செயல். உற்பத்தியாளனை அவனது பண்டத்தின் மீதே உண்மை பேசச் செய்வது. எனினும் நிறத்தைப் பார்த்து விலகும் பொறுப்பு வாங்குபவனிடமே விடப்பட்டுள்ளது என்பதும் மனங்கொளத்தக்கது.

4

மாணவனின் தட்டில் மாவும் சீனியும் வந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் அவசியமாகும். இந்நாட்டில் மாணவரின் உணவு ஒரு காலத்தில் அரசியற் போராட்டத்தின் பொருளாக இருந்தது. 1953இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட இலவச மதிய உணவையும் நிறுத்தியது. அவ்வாண்டு ஆகத்து 12ஆம் நாள் இடதுசாரிகளின் தலைமையில் நாடு தழுவிய ஹர்த்தால் நடைபெற்றது; பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. ஹர்த்தால் பற்றி எழுதியோர் அரிசியின் விலையை எப்போதும் குறிப்பிடுவர். பிள்ளைகளின் மதிய உணவை அத்துணை அழுத்திக் கூறுவதில்லை. எம்மைப் பொறுத்தவரை இரண்டாவதும் முதன்மையானதே. பாடசாலை ஊட்ட வேண்டுமா, போதித்தால் மட்டும் போதுமா என்ற இன்றைய வினாவின் தொடக்கம் அங்கேயே உள்ளது.

1953இல் நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன 1977இல் ஆட்சித் தலைவரானார். திறந்த பொருளாதாரம் அறிமுகமாயிற்று. 1979இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. முத்திரையிற் குறிக்கப்பட்ட தொகை நிலையாய் நிற்க, விலைகள் ஏறின. இதே காலத்தில், சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் திருகோணமலைத் துறைமுகத்திற் பெரியதொரு கோதுமை மா ஆலை நிறுவப்பட்டு, 1980இல் இயங்கத் தொடங்கிற்று. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. கடல் கடந்து வரும் தானியம் சீனக்குடாவில் மாவாகி நாடெங்கும் செல்கின்றது. கொட்டியாரக் குடாவின் ஒரு புறத்தில் அவ்வாலை. மறுபுறத்தில் நெல் விளையும் கிளிவெட்டி. நெல் விளைவிப்போனின் பிள்ளை பாடசாலை இடைவேளையிற் கோதுமைப் பணிசு உண்பதற்கு இவ்விரு கரைகளுக்குமிடையே உள்ள உறவே விளக்கம் தரும். அப்பிள்ளையின் நாவில் அதற்கு விளக்கம் இல்லை.

சீனியின் கதை இன்னும் தெளிவானது. 2017 நவம்பரில் மென்பானங்களிலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது. மாணவரின் உடல்நலம் காரணமாகக் கூறப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அவ்வரி குறைக்கப்பட்டது. 2020 ஒக்தோபரில், இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி ஒரு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக வீழ்த்தப்பட்டது. அதனால் அரச வருமானம் பெருமளவு இழக்கப்பட்டதேயன்றி, வாங்குவோருக்குக் கிட்டிய பயன் சொற்பமே. மாணவனுக்குச் சீனியைக் குறைக்குமாறு வகுப்பறையிற் போதித்த அரசே துறைமுகத்திற் சீனி வணிகருக்கு வழிவிட்டது. பாடநூலையும் வர்த்தமானியையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி இம்முரண்பாடு புலப்படாது.

5

கிளிவெட்டிக்கு இன்னுமொரு வரலாறு உண்டு. 2006இல் மூண்ட போரிற் சம்பூர்ப் பகுதியின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடக்கப்பட்டது. மட்டக்களப்பு முகாம்களிலிருந்து திரும்பியோர் பலர் ஊருக்குள் விடப்படாது, கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காய்த் தங்க நேர்ந்தது. 2015இலும் 2016இலுமே நிலங்கள் விடுவிக்கப்பட்டன. வயலும் கடலும் கன்றுகாலியும் கொண்டு வாழ்ந்த மக்கள், அவற்றை இழந்து உலர் உணவு நிவாரணத்தை நம்பி வாழ்ந்தனர். அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி ஆகியனவே அந்நிவாரணத்தின் அடிப்படை. உயிரைக் காக்க அது வேண்டியிருந்தது; அதனை வழங்கியோரை நாம் குறைகூறவில்லை. ஆயின் முகாமிற் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு மீனும் கீரையும் தயிரும் அன்றாட உணவாயிருந்த ஊர் பெரியோரின் கதையாகவே தெரியும். மாவும் சீனியும் எண்ணெயும் வாழ்க்கையாகத் தெரியும். நிலத்தை இழந்தோர் நிலத்தோடு உணவையும், உணவோடு நாவின் நினைவையும் இழக்கின்றனர்.

இது எமது மண்ணுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. 1864இல் ஐக்கிய அமெரிக்காவில் நவஹோ மக்கள் தம் நிலத்திலிருந்து படையினரால் நெடுந்தூரம் நடத்திச் செல்லப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டனர். மக்காச்சோளமும் அவரையும் பயிரிட்ட அவர்களுக்கு இராணுவம் மா, சீனி, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றைப் பங்கிட்டது. அவற்றைக் கொண்டு சுட்ட எண்ணெய் ரொட்டி காலப்போக்கில் அம்மக்களின் 'பாரம்பரிய உணவு' என்றே பெயர் பெற்றுவிட்டது. இன்று அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே பருமனும் நீரிழிவும் மிகுந்து காணப்படுவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகும்.

பாடசாலைத் திட்டங்களின் எல்லையை அறிவதற்கும் அங்கேயே ஒரு சான்று உண்டு. 1990களில் அரிசோனா, நியூ மெக்சிக்கோ, தென் டக்கோட்டா மாநிலங்களிற் பழங்குடிப் பிள்ளைகள் பயின்ற 41 பாடசாலைகளில் 'பாத்வேய்ஸ்' என்னும் தடுப்புத் திட்டம் ஆராயப்பட்டது. 1,704 பிள்ளைகள் மூன்றாண்டுகள் அவதானிக்கப்பட்டனர். வகுப்பறைப் பாடம், உடற்பயிற்சி, பாடசாலை உணவிற் கொழுப்பைக் குறைத்தல், குடும்பத்தினரை ஈடுபடுத்தல் என நாற்புறமும் அது செயற்பட்டது. பாடசாலை மதிய உணவிற் கொழுப்பின் பங்கு குறைந்தது. பிள்ளைகளின் அறிவு கூடிற்று. உடற்கொழுப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. அறிவு கூடியும் உடல் மாறாமை, அறியாமையே காரணம் என்ற கொள்கையை மறுக்கும் சான்றாகும். பாடசாலை வாயிலுக்கு வெளியே வருமானமும் கடையும் நிலமும் முன்போலவே இருந்தன.

6

உடலை அளக்கும் திட்டங்களுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய 'ட்றிம் அன்ட் ஃபிற்' திட்டம் மாணவரை நிறுத்து, மிகைநிறையுடையோரை வேறாக்கிப் பயிற்சி செய்வித்தது. இடைவேளையில் ஏனையோர் விளையாட இவர்கள் ஓடினர். பருத்தோரின் வீதம் குறைந்தது என்று கணக்குக் காட்டப்பட்டது. ஆயின் அடையாளமிடப்பட்ட பிள்ளைகள் கேலிக்கும் மனவேதனைக்கும் ஆளாயினர். 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சமூகம் உண்டாக்கிய ஒன்றைப் பிள்ளையின் வெட்கமாக மாற்றுவதே இத்தகைய திட்டங்களின் முடிவு. எமது பாடசாலைகளில் நிறையளக்கும் நாளன்று வரிசையின் பின்னால் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கண்ட ஆசிரியர் எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

அளவுகோலும் ஐயத்துக்குரியது. பூனாவில் யாஜ்னிக்கும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வில், அங்கு பிறக்கும் குழந்தையின் சராசரி நிறை 2.7 கிலோ, ஒப்பிடப்பட்ட ஆங்கிலக் குழந்தையின் நிறை 3.5 கிலோ. நிறை குறைந்திருந்தும், தசையோடு ஒப்பிடுமிடத்து உடற்கொழுப்பு பூனாக் குழந்தையில் மிகுந்திருந்தது. தாயின் போசணைக் குறைவு கருவிலேயே உடலிற் பதிந்து, பின்னர் மலிவான மாவும் சீனியும் சேரும்போது நீரிழிவாய் வெளிப்படக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும். ஆகவே மெலிந்து தோன்றும் பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்றும் கூறமுடியாது. பசியும் பருமனும் எதிரெதிர் வர்க்கங்களின் நோய்கள் என்ற எமது பழைய நம்பிக்கை இங்கு முற்றாகத் தகர்கின்றது. அவை ஒரே வர்க்கத்தின் உடலில், ஒரே வாழ்நாளில், ஒன்றன்பின் ஒன்றாய் எழுதப்படும் இரு அத்தியாயங்கள்.

7

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, பாடசாலையால் எதுவும் ஆகாது என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். சமூக அமைப்பு மாறும்வரை எதையும் செய்ய இயலாது என்று ஒதுங்குவது மார்க்சியமன்று; அது சோம்பலுக்கு மார்க்சியப் பெயர் சூட்டுவது. குறைந்த வசதிகளோடு இப்பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் உழைப்பையும் நாம் இழித்துரைக்கவில்லை. வாயிலுக்கு வெளியே உள்ள கடையைவிட நல்ல கடலையையும் பழத்தையும் பாடசாலைக்குள் விற்கச் செய்வது நன்றே. ஆயின் விற்பனையை ஒழுங்குபடுத்துவது வேறு, ஊட்டுவது வேறு. காசுள்ள பிள்ளைக்குச் சிற்றுண்டிச்சாலை. காசில்லாத பிள்ளைக்குச் சுவரிலுள்ள உணவுக் கூம்பகம் என்ற நிலையைச் சுற்றறிக்கை மாற்றாது.

இலங்கையிற் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவு மாணவரையே நோக்கியதாய் அமைந்துள்ளது. ஆறாம் ஆண்டுக்கு ஏறியதும் பெரும்பாலான பிள்ளைகளின் தட்டு எடுக்கப்பட்டு விடுகின்றது; அந்த இடத்திற் பாடநூல் வைக்கப்படுகின்றது. உடல் மிக விரைந்து வளரும் பருவத்தில், உணவு மிக வேண்டப்படும் பருவத்தில், உணவுக்குப் பதிலாக உணவைப் பற்றிய அறிவுரை கிடைக்கின்றது. கட்டிளமைப் பருவ உடற்பருமன் தடுப்பு என்று நாம் பேசுவதன் மையமான குறை இதுவே என்பது எமது துணிபு. 2022இன் நெருக்கடியில், செப்டெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது, முட்டையும் மீனும் பாலும் ஏழைகளின் தட்டிலிருந்து முதலில் மறைந்தன, எஞ்சியது மாப்பொருளே. அந்த ஆண்டில் வகுப்பறையிற் 'சமநிலை உணவு' பற்றிய பாடம் நடந்திருப்பின், அது கேட்ட பிள்ளைக்கு ஒரு கொடிய அங்கதமாகவே ஒலித்திருக்கும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிற் காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்து, 1984இற் பத்தாம் வகுப்பு வரையிலானோரையும் உள்ளடக்கியது. பின்னர் முட்டையும் சேர்க்கப்பட்டது. வாக்குகளைக் கவரும் செயல் என்று அன்று நகைத்தோர் பலர். கட்டிளமைப் பருவத்தையும் தட்டிலிருந்து விலக்காமை அதன் சிறப்பாகும். பிரேசிலின் 2009ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒருபடி மேற்சென்றது. பாடசாலை உணவுக்கென மத்திய அரசு வழங்கும் நிதியிற் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளின் விளைபொருளை வாங்கவே செலவிட வேண்டும் என்று அது விதித்தது. அங்கு பாடசாலைப் பானை பிள்ளையின் உடலை மட்டுமன்றி, அப்பிள்ளையின் தந்தையுடைய வயலையும் தாங்குகின்றது.

இதனைக் கிளிவெட்டியில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். சுற்றிலும் நெல்வயல், வரம்பிலும் வேலியிலும் கீரை, பட்டிகளிற் பாலும் தயிரும், அண்மையிற் கொட்டியாரக் குடாவின் மீன். இவை யாவும் இடைத்தரகர் வழியே நகரச் சந்தைக்குச் செல்ல, சீனக்குடா மாவும் இறக்குமதிச் சீனியும் ஊருக்குள் வருகின்றன. ஊரின் நெல்லையும் கீரையையும் மீனையும் நியாய விலைக்கு வாங்கி, ஆறாம் ஆண்டு தொடக்கம் பதினொராம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகள் யாவரையும் ஒரே பந்தியில் இருத்தி ஊட்டும் ஒரு பாடசாலைப் பானை அங்கு ஏற்றப்படின், அதுவே மிகச்சிறந்த உடற்பருமன் தடுப்புத் திட்டமாகும். அது மெலிவையும் தடுக்கும். மெலிந்தவனையும் பருத்தவனையும் வேறாக்காது; எவரையும் நிறுத்து வெட்கப்படுத்தாது. சமைக்கும் பெண்களுக்கு ஊரிலேயே ஊதியம் கிட்டும். அதனாற் கடல் கடந்து செல்லும் தாய்மாரிற் சிலரேனும் திரும்பி வரக்கூடும். சுவரிலுள்ள உணவுக் கூம்பகமும் அப்போது பொருள் பெறும். பிள்ளை அதனைத் தன் தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்னும் சிறுகதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அதிலே கடற்றொழிலாளியின் மகன் கனவு காண்பது ஒரு வேளை நல்ல உணவை அன்று. தனக்கென ஒரு தோணியை. பசியைப் பாடிய முற்போக்கு எழுத்துக்களிற் பலவற்றைவிட அக்கதை ஆழமாகச் சென்றமைக்குக் காரணம், உணவுக்குப் பின்னால் உள்ள உற்பத்திச் சாதனத்தை அது கண்டமையாகும். உடற்பருமன் பற்றிய எழுத்தும் அந்த ஆழத்துக்கு இறங்க வேண்டும். பிள்ளை என்ன தின்கிறான் என்று கேட்பதோடு நில்லாது, அவன் தின்பதை யார் விளைவிக்கின்றனர், யார் அரைக்கின்றனர், யார் விலை குறிக்கின்றனர், அவனுடைய வயலும் தோணியும் யாரிடம் உள்ளன என்று கேட்க வேண்டும். தொந்தியைக் கண்டு நகைக்கும் பழக்கத்தை எமது எழுத்திலிருந்து நாம் முதலில் அகற்றுவோம். 1953இல் எடுத்துச் செல்லப்பட்ட அந்த மதிய உணவுத் தட்டைக் கட்டிளமைப் பருவத்தினர் முன் மீண்டும் வைக்குமாறு கேட்பது அதற்கு அடுத்த கடமையாகும்.